உன் பெயரில் ஒரு டிக்கெட்

கிரேன்ஃபோர்ட், ஒஹாயோ
14 செப்டம்பர் 1991

அன்புள்ள ஓரின் அண்ணா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் முழங்கால் எப்படி? உன் பால் லாரிக்குப் புது டயர் மாட்டியாயிற்றா? உன் உடம்பைவிட அதைத்தான் நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்பதால் அதையும் விசாரித்துக்கொள்கிறேன்.

நம் வீட்டு டெலிபோனைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்பா எடுத்தால் அவருக்குக் காது கேட்காது. நீ எடுத்தால் திக்கித் திக்கி முதல் வார்த்தை வருவதற்குள் நான் யாருமில்லை என்று வைத்துவிடுகிறேன். நமக்குக் கடிதம்தான் சரி.

"ஆடிப் பாடறதுக்கு எதுக்குடா நாலு வருஷம் காலேஜு?" என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. இசை நாடகத்தில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பருவமும் குரல் பயிற்சி. பாலே, டாப், ஜாஸ் என்று மூன்று நடனம். நடிப்பு நான்கு பருவம். சுரம் எழுதவும், எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் பாடவும் தெரிய வேண்டும். பியானோவுக்குத் தனித் தேர்வு, அதை மூன்றாவது தடவைதான் தாண்டினேன். நான்கு நாடகங்களுக்கு மேடைக்குப் பின்னால் வேலை: ஆணி அடிப்பது, பித்தான் தைப்பது, விளக்குக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நிற்பது. கடைசியில் ஏப்ரல் பதினொன்றாம் தேதி நாற்பது நிமிடம் நானே நடத்த வேண்டிய தனிக் கச்சேரி.

இத்தனைக்கும் மேல் ஜூரி. பருவத்துக்கு ஒரு முறை ஐந்து ஆசிரியர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள், நாம் எதிரே நின்று பாட வேண்டும். போன மே மாதம் அதில் நான் தோற்றுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இன்னொரு முறை தோற்றால் இந்தப் பட்டம் கிடையாது. பொதுக் கலைப் பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஜூரி டிசம்பர் பன்னிரண்டு.

மூன்று வருஷத்தில் பதினொரு நாடகம் நடித்தேன். பதினொன்றுக்கும் உனக்கு டிக்கெட் எடுத்துவைத்தேன், ஒன்றுக்கும் நீ வரவில்லை. என் கச்சேரிக்காவது வாயேன்.

அப்பாவுக்கு என் முத்தம்.
உன் தங்கை,
மாரென்


ஆல்டர் கிரீக், விஸ்கான்சின்
2 அக்டோபர் 1991

அன்புத் தங்கை மாரெனுக்கு,

நீ சுகமாக இருப்பதாக எழுதியதில் பாதியை நம்பிக்கொண்டேன். சரியாகச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் முழங்கால் பழையபடிதான், மழை வருவதற்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது. டயர் மாட்டியாயிற்று.

உன் பட்டத்துக்கான பட்டியலை அப்பாவுக்குக் கத்திப் படித்தேன். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் கேட்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆணி அடிக்கிறதை நானே இலவசமா சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றார். பால் லாரி ஓட்ட எனக்கு ஒரு லைசென்ஸ்தான் கேட்டார்கள், அதிலும் ஆடச் சொல்லவில்லை.

தோற்றதை மறைத்திருக்க வேண்டாம். நான் என்ன திட்டவா போகிறேன்? திட்டுவதற்கு எனக்கு ஆகும் நேரத்தில் நீ அடுத்த ஊருக்கே போய்விடலாம்.

உன் நாடகங்களுக்கு வர முடியாததற்குக் காரணம் உனக்கே தெரியும். பசுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பால் இறங்கினால் லாரி போய்த்தான் ஆக வேண்டும். ஏப்ரலுக்குப் பார்க்கலாம். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வந்துவிடு. வான்கோழி சொல்லிவைத்துவிட்டேன். அம்மா இருந்தபோது செய்த மாதிரி உருளைக்கிழங்கு லெஃப்ஸே ரொட்டி சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை சுட்டதையெல்லாம் நாய்தான் தின்றது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன்,
ஓரின்


கிரேன்ஃபோர்ட்
22 நவம்பர் 1991

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே? எனக்கு லேசான இருமல், வேறொன்றுமில்லை.

கோபித்துக்கொள்ளாதே. தேங்க்ஸ்கிவிங்குக்கு வர முடியாது. விடுமுறையிலும் ஒத்திகை வைத்துவிட்டார்கள், தப்பினால் மதிப்பெண் போய்விடும். வான்கோழியை நீங்கள் இருவரும் தின்று தீர்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருவேன்.

அவசரமாக எழுதுகிறேன்.
மாரென்


இசை நாடகத் துறை
கிரேன்ஃபோர்ட்
16 டிசம்பர் 1991

மதிப்புக்குரிய ஹாக்ஸ்டாட் குடும்பத்தாருக்கு,

இந்த நேரத்தில் உங்களை எந்த வார்த்தையால் விசாரிப்பது என்று தெரியவில்லை. தைரியமாக இருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் ஓரின் பனிச் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்த செய்தியை மாரென் பன்னிரண்டாம் தேதி காலையில் என்னிடம் சொன்னாள். ஜூரி நடக்கும் அறைக்கு வெளியே நின்று குரலே இல்லாமல் சொன்னாள். வீட்டுக்கு யாரும் எழுத வேண்டாம், பூ அனுப்ப வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் போனபோது ஒரு வரிகூட எழுதாதவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் அவள் பேச்சை மீறி எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நெருங்கிய குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் ஜூரியைத் தள்ளிவைக்க எங்கள் விதியில் இடம் உண்டு. ஜனவரி இருபதாம் தேதி அவள் பாடினால் போதும். ஏப்ரலில் அவள் நடத்தும் கச்சேரியை ஓரினின் நினைவுக்கு அர்ப்பணிப்பது என்று துறையில் எல்லாரும் முடிவு செய்திருக்கிறோம். அவனைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு, அவனைப் பார்க்காமல் போனோமே என்று இருக்கிறது.

உங்கள் துயரத்தில் பங்குகொள்ளும்,
கான்ஸ்டன்ஸ் பிரூவிட்
துறைத் தலைவர்


கிரேன்ஃபோர்ட்
23 ஜனவரி 1992

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன், எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகக் கேட்கிறேன், நெஞ்சு வலி, தலைசுற்றல் என்று ஏதாவது இருந்தால் மறைக்காதே. சாலையெல்லாம் பனி உறைந்திருக்கும். லாரியை மெதுவாக ஓட்டு. பால் கெட்டுப்போனால் போகட்டும்.

கிறிஸ்துமஸ் அன்று கூரையில் பனி தள்ள நீ ஏறியதும் நான் ஏணியடியில் நின்று அழுதேனே, அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். ஏனோ அன்றைக்குப் பயமாக இருந்தது. நீயும் அந்தப் பத்து நாளும் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏதோ கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை.

நல்ல செய்தி: ஜூரியில் தேறிவிட்டேன். ஏதோ அலுவலகக் குழப்பத்தில் தேதியை ஜனவரிக்கு மாற்றியிருந்தார்கள். நன்றாகப் பாடினேன் என்கிறார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கச்சேரிக்கு நீ வருவதைப் பற்றி. அது சின்ன ஹால், நூறு பேர் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும். பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டிவந்து நாற்பது நிமிடம் கேட்டுவிட்டுத் திரும்புவது வீண் அலைச்சல். பட்டமளிப்புக்கு வந்தால் போதும் என்று தோன்றுகிறது. யோசித்துக்கொள்.

அப்பாவுக்கு அன்பு.
மாரென்


ஆல்டர் கிரீக்
9 பிப்ரவரி 1992

அன்புத் தங்கை மாரெனுக்கு,

நான் உயிரோடும் ஆரோக்கியமாகவும் இருக்கிறேன். நெஞ்சு வலி இல்லை. லாரி நன்றாக ஓடுகிறது, இதுவரை எங்கும் கவிழவில்லை. உன் இருமல் நின்றதா?

ஜூரியில் தேறியது பெரிய சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். "யாரு அந்தப் பூரி?" என்று கேட்டார். அதற்கு மேல் விளக்க என்னிடம் தெம்பு இல்லை.

நீ மூன்று வருஷமாகக் கூப்பிட்டபோதெல்லாம் பசுவைச் சாக்குச் சொன்னேன். இந்த முறை ஏப்ரல் பதினொன்றுக்கு வேறு ஓட்டுநரைச் சொல்லிவைத்துவிட்டேன். அப்பாவை அத்தை பார்த்துக்கொள்வாள். சின்ன ஹால் என்றால் நின்றுகொண்டே கேட்கிறேன்.

அங்கே என்னைப் பற்றி யாராவது விசாரிக்கிறார்களா? மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி என்னம்மா பாடினாய்? நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுது. நீ எதை எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஓரின்


கிரேன்ஃபோர்ட்
1 மார்ச் 1992

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. இருமல் போய்விட்டது. அப்பா நன்றாக இருக்கிறாரா?

நீ வர வேண்டாம் அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன். கச்சேரியன்று நான் நானாக இருக்கமாட்டேன். உடை, பாட்டு, பியானோ வாசிப்பவர் என்று ஆயிரம் கவலை, உன்னைக் கவனிக்க முடியாது. இங்கே எல்லாரும் ஓயாமல் பேசுகிறவர்கள், உன்னைப் பிடித்து வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அது உனக்குத்தான் கஷ்டம். ஒலிநாடாவில் பதிவு செய்து அனுப்புகிறேன், அப்பாவோடு சேர்ந்து கேள்.

தயவுசெய்து மறுக்காதே.
மாரென்


ஆல்டர் கிரீக்
12 மார்ச் 1992

மாரெனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒலிநாடாவை அப்பாவோடு சேர்ந்து கேட்கச் சொல்கிறாய். அவருக்குக் காது கேட்காது என்பதுகூட உனக்கு மறந்துபோகும் அளவுக்கு அங்கே என்ன பயம் என்று தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் திக்குவாய்தானே காரணம்? உன் சிநேகிதர்கள் முன்னால் ஒரு பெயரைச் சொல்ல நான் வாயைக் கோணிக்கொண்டு நிற்பது உனக்கு வெட்கம். அதுதான் என்றால் நேராகச் சொல்லிவிடு. சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான், தாங்கிக்கொள்வேன். வேறு காரணம் இருந்தால் அதையும் சொல்லிவிடு. கிறிஸ்துமஸிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

ஓரின்


கிரேன்ஃபோர்ட்
20 மார்ச் 1992

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன், ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

உன் திக்குவாய் காரணம் இல்லை. ஒரு நாளும் இல்லை. இங்கே எல்லாரிடமும் நீ செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒத்திகை எதுவும் இல்லை. சிகாகோவில் ஒரு நாடகக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் அறைத்தோழியோடு போனேன். நீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் தெருவில் நான்கு மணி நேரம் குளிரில் வரிசையில் நின்றேன். வேலை கிடைக்கவில்லை, தொண்டை போய்விட்டது. பன்னிரண்டாம் தேதி காலை ஜூரி அறைக்கு வெளியே நின்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கதவில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். காய்ச்சல் செல்லாது. தொண்டைக்கட்டு செல்லாது. நெருங்கிய குடும்பத்தில் மரணம் செல்லும். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே பேராசிரியை பிரூவிட் வெளியே வந்தார். "என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார். "எங்கண்ணன் செத்துட்டான்" என்றேன். அவ்வளவுதான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். எப்படி என்று கேட்டார், லாரி என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நீ எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தது, அம்மா இறந்த வருஷம் நீ என் தலையைப் பின்னிவிடக் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். அதெல்லாம் நிஜம்.

ஜனவரியில் பாடும்போது நிஜமாகவே அழுதேன். எல்லாரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது பயம் அண்ணா, குற்றம் செய்தவளின் பயம். அதற்குத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

ஏன் நீ என்று கேட்பாய். அம்மா இல்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அப்பாவின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. உன் பெயர் வந்துவிட்டது. பதினொரு நாடகம் முடிந்தபோதும் மற்றவர்களின் வீட்டார் பூங்கொத்தோடு நிற்பார்கள். என்னிடம், "உங்கண்ணன் வரலையா?" என்று கேட்பார்கள். "இல்ல" என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டிருந்தது. அன்றைக்கு அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். இதை உன் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. எழுதிப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

இப்போது உண்மையைச் சொன்னால் அந்த ஜூரி செல்லாது. இரண்டாவது தோல்வியாகிவிடும், பட்டம் போய்விடும். இன்னும் பதினொரு வாரம்தான் பாக்கி. சொல்லாவிட்டால் நீ வர முடியாது. என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மாரென்


ஆல்டர் கிரீக்
29 மார்ச் 1992

அன்புத் தங்கை மாரெனுக்கு,

நீ வேண்டிக்கொண்டது பலித்திருக்கிறது, நலமாகவே இருக்கிறேன். நீ ஒழுங்காகத் தூங்கு.

எனக்கு டிசம்பர் பத்தொன்பதாம் தேதியே தெரியும். உங்கள் பேராசிரியை இரங்கல் கடிதம் அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வரும் கடிதத்தையெல்லாம் நான்தானே பிரிக்கிறேன். என் சாவுச் செய்தியை நானே சமையலறையில் நின்று படித்தேன். லாரி கவிழ்ந்தது என்று இருந்ததும் வெளியே போய் லாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரைக்கும். அப்புறம் சாப்பிட முடியவில்லை. கிறிஸ்துமஸ் முழுக்க அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நீயாகச் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணியடியில் நின்று நீ அழுதபோது எடுத்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். கோபம் விடவில்லை. உன்னை மூன்று மாதம் தவிக்கவிட்டது என் தப்பு.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. உன் முதல் வருஷ நாடகத்துக்கு நான் வந்தேன், மாரென். பழைய வண்டியில் பதினோரு மணி நேரம். டிக்கெட் என் பெயரில் இருக்கிறது, ஜன்னலில் பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எந்தப் பெயரையும் ஒரு மாதிரி சொல்லிவிடுவேன், என் பெயர் மட்டும் வராது. வேறு வார்த்தை போட்டுத் தப்பிக்க முடியாத ஒரே வார்த்தை அது. ஜன்னலில் இருந்த பெண், "பேரு சொல்லுங்க சார்" என்றாள். 'ஓ'வில் நின்றுவிட்டேன். "ஓவனா? ஓட்டிஸா?" என்று எடுத்துக்கொடுத்தாள். பின்னால் ஒரு ஆள், "பேரே மறந்துபோச்சு போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நாடகம் முடியும்வரை வண்டியில் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். உனக்கு டயர் பஞ்சர் என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் ஒரு பசு.

நான் உள்ளே வந்திருந்தால் அவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள். பார்த்த ஆளைச் சாகடிக்க உனக்கு வாய் வந்திருக்காது. அந்த மட்டுக்கு என் பங்கும் இருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். பொய் உன்னுடையது, முடிவு மட்டும் என்னுடையதா? அது நடக்காது. பேராசிரியையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் பதினொன்றாம் தேதி வருகிறேன். டிக்கெட்டை ஜன்னலில் என் பெயரில் வை. வேறு பெயர் வேண்டாம், ஊரிலிருந்து வந்த உறவுக்காரன் என்றும் வேண்டாம். என் பெயரில் வை.

அண்ணன்,
ஓரின்


கிரேன்ஃபோர்ட்
14 ஏப்ரல் 1992

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? வழியில் எங்கேயாவது நிறுத்திக் கண்ணை மூடினாயா? அப்பாவிடம் என்ன சொன்னாய்?

கச்சேரி முடிந்து பத்து நிமிடம்தான் நின்றாய். சுற்றி ஆட்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நல்ல பெண்ணாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. உன் கடிதம் வந்து ஒரு வாரம் அதைப் படுக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். பதினொன்றாம் தேதி காலைதான் ஜன்னலுக்குப் போய், "ஓரின் ஹாக்ஸ்டாட்னு ஒரு டிக்கெட் எடுத்து வைங்க" என்றேன். அங்கே இருந்த பெண்ணின் கையில் அச்சாகி வந்த கச்சேரித் தாள் இருந்தது. முதல் பக்கத்தில் 'என் அண்ணன் அமரர் ஓரின் ஹாக்ஸ்டாடுக்கு' என்று போட்டிருந்தது. அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்குப் போக ஒரே இடம்தான் இருந்தது.

பேராசிரியை பிரூவிட் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "நான் அழுதது உங்கண்ணனுக்காக மட்டும் இல்ல. என் தம்பியையும் சேர்த்துத்தான் அழுதேன். அதை நீ வாங்கிட்டுப் போயி தேதி மாத்திக்கிட்ட" என்றார். அடித்திருந்தால் தேவலை. அப்புறம் சாதாரணமான குரலில், ஜூரி செல்லாது, விதிப்படி இது இரண்டாவது தோல்வி, இசை நாடகப் பட்டம் எனக்குக் கிடையாது என்றார். ஜூனில் பொதுக் கலைப் பட்டம் தருவார்களாம். அன்றைய கச்சேரிக்கும் மதிப்பெண் இல்லை, ஆனால் ஹால் என் பெயரில் பதிவாகியிருக்கிறது, பாடுவதானால் பாடலாம் என்றார்.

ஆக அண்ணா, நீ கேட்டது எதற்கும் உதவாத கச்சேரி. உன்னிடம் சொல்லாமல் உன்னைக் கைதட்டவிட்டேன்.

மத்தியானம் முழுக்க அறையில் உட்கார்ந்து நூற்றிருபது தாளிலும் 'அமரர்' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்தேன். ஒரே சொல்தான். அடித்து முடித்தபோது கை வீங்கிவிட்டது.

நான் உடை மாற்றிக்கொண்டிருந்த அறைக்கும் டிக்கெட் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நீ வந்தது எனக்குக் கேட்டது. "பேரு சொல்லுங்க சார்" என்று அந்தப் பெண் சொன்னாள். அப்புறம் உன் 'ஓ'. அது அங்கேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அந்தப் பெண்ணுக்கு உன் பெயர் தெரியும், காலையிலேயே தெரியும், ஆனாலும் எடுத்துக்கொடுக்காமல் இருந்தாள். நான் ஓடிவந்து சொல்லிவிடப் பார்த்தேன். பேராசிரியை என் பக்கத்தில் நின்றிருந்தார், என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அவரே சொல்லட்டும்" என்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் இதுவரை நின்ற எந்த ஜூரியும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. நீ சொல்லி முடித்தாய், இரண்டு பெயரையும் முழுசாக. பேராசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பாடியது எனக்கு நினைவில்லை. நீ மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியும்.

பட்டம் போனதை அப்பாவிடம் நானே சொல்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மாரென்


ஆல்டர் கிரீக்
22 ஏப்ரல் 1992

அன்புத் தங்கை மாரெனுக்கு,

பத்திரமாக வந்தேன், இரண்டு இடத்தில் நிறுத்தித் தூங்கினேன். நீ சாப்பிடுகிறாயா? கை வீக்கம் வடிந்ததா?

நூற்றிருபதில் ஒன்றை நீ அடிக்க மறந்துவிட்டாய். அது எனக்கே வந்து சேர்ந்தது. என் கோட்டுப் பையிலிருந்து அப்பா எடுத்துப் படித்துவிட்டு, "ஏன்டா, இதுல உன்னைச் செத்தவன்னு போட்டிருக்கே?" என்றார். அச்சுப்பிழை என்றேன். கேட்கவில்லை. மூன்று தடவை கத்தினேன். "அப்போ சரி" என்று டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டம் போன விஷயத்தை உன் கடிதத்தில் படித்தபோது லாரியைப் பண்ணை வாசலில் நிறுத்தியிருந்தேன். பண்ணைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை இறங்கவில்லை. அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஜெயித்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் அதே நினைப்போடு ஓட்டிவந்தேன்.

வேறு ஒரு பெயரில் டிக்கெட் வைக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு ராத்திரிக்கு உன் பெரியப்பா மகனாக இருந்திருந்தால் என் குடி ஒன்றும் முழுகியிருக்காது. நான்கு வருஷம் ஆடி, பாடி, ஆணி அடித்து நீ சம்பாதித்தது ஜூனில் உன் கைக்கு வந்திருக்கும். என் பெயரை நான் ஒரு முறை வாய்விட்டுச் சொல்வதற்காக அதை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். இது எனக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. அந்த வரியை எழுதும்போதே என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

மறுபடி அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தாலும் என் பெயரில் வை என்றுதான் எழுதுவேன், மாரென். மன்னிப்புக் கேட்க உனக்குத் தைரியம் வரும்போது, எனக்கும் ஒரு மன்னிப்பை எடுத்துவை.

உன் அண்ணன்,
ஓரின் ஹாக்ஸ்டாட்